எல்லாக் கதவுக்கும் ஒரே பெயர்

கமலக்கண்ணனைக் கெட்டிக்காரன் என்பவர்கள் உண்டு. பிழைக்கத் தெரியாதவன் என்பவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்தோடும் எனக்கு ஒத்துப்போகாது. அவனோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவன் நான், இவர்களையெல்லாம் விட எனக்குத் தெரியும். ஓசூரில் பம்புகளுக்கு அலுமினிய உடல் வார்க்கும் தொழிற்சாலை எங்களுடையது. நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். அவனுக்குக் கம்ப்யூட்டர் ரூம். ராசிபுரத்துப் பையன். ஏசி அறையில் உட்காருகிறோம் என்ற திமிர் மருந்துக்கும் கிடையாது. நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்று தெரிந்து என்னிடம் தெலுங்கிலேயே பேசிப் பார்ப்பான். பஸ்ஸே சிரிக்கும். "சாமி, உனுக்குப் புண்ணியமாப் போவட்டும், தமிழ்லயே பேசு" என்று கெஞ்சுவேன்.

வார்த்த உடல் ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே காற்றுக்குமிழ் இருந்தால் வெளியே தெரியாது, படத்தில்தான் தெரியும். கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்து 'சரி' என்றோ 'கழிவு' என்றோ அழுத்த வேண்டும். அந்த மேஜை உத்தனப்பள்ளி மாதம்மாளுடையது. நிரந்தரத் தொழிலாளி. கையில் சுத்தம், வாயில் காரம். அவளுக்குத் துணையாக வினிதா என்று ஒரு பெண், காண்ட்ராக்ட் ஆள், மதுரைப் பக்கம். அவள் கணவன் மதுரைவீரனும் எங்களிடமே டெஸ்டிங்கில் இருந்தான். 'சரி' ஆகி வரும் உடலுக்குள் காற்றை அழுத்தி ஏற்றிக் கசிவு பார்ப்பது அவன் வேலை. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. கேண்டீனில் இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். "ஏன்டி, உங்க ஊருல ரெண்டு டப்பா விக்கறதில்லியா?" என்று மாதம்மாள் வம்புக்கு இழுப்பாள். அந்தப் பெண் முகம் சிவந்துபோகும்.

இரண்டாயிரத்து எட்டில் எக்ஸ்ரே படங்களைச் சேர்த்து வைக்க ஒரு ஸ்டோரேஜ் சர்வர் வந்தது. படத்தை உள்ளே போட்டால் நீளமாக ஓர் எண் தரும்; அந்த எண்ணைக் காட்டினால் படத்தைத் திருப்பித் தரும். உள்ளே போனதை ஒருவரும் திருத்த முடியாது. எல்லாம் சரிதான், ஆனால் எக்ஸ்ரே கம்ப்யூட்டருக்கு ஒரு பாஸ்வேர்டு, சோதனை மென்பொருளுக்கு ஒன்று, இந்த சர்வருக்கு இன்னொன்று. மூன்றையும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருந்தார்கள். சரக்கு வாங்கும் கம்பெனியின் ஆடிட்டர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். எந்தப் படத்தை எவர் பார்த்தார் என்று பெயர் இல்லாமல் இனி ஒரு உருப்படியும் வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்காகத்தான் கமலக்கண்ணன் சிங்கிள் சைன்-ஆன் என்ற ஒன்றை வைக்க இறங்கினான். பஸ்ஸில் எனக்குப் பாடம் நடந்தது. "காலைல கேட்டுல செக்யூரிட்டி உங்க மூஞ்சியப் பாத்து உள்ள விடறாரில்லீங்களா அண்ணா? அப்புறம் கேண்டீன்ல, ஸ்டோர்ல, நீ யாருன்னு யாராச்சும் கேக்கறாங்களா? அதே மாதிரிதாங்க. ஒருக்கா பேரும் பாஸ்வேர்டும் போட்டுட்டா, மத்த கதவெல்லாம் நம்பிக்கும்." அந்த சர்வர் அவ்வளவு லேசில் நம்பவில்லை. கம்பெனியின் ஊழியர் பட்டியல் இருந்த இயந்திரத்தோடு அதைப் பேச வைக்க அவன் பட்ட பாடு! சோறு தண்ணி மறந்து கிடந்தான். கடைசியில் பார்த்தால், சர்வரின் கடிகாரம் சில நிமிடம் பின்தங்கி ஓடியிருக்கிறது. அதனால் வந்தவர்களையெல்லாம் சந்தேகப்பட்டு வெளியே தள்ளியிருக்கிறது. அதைச் சரிசெய்த அன்று பஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தான்.

சனியன் அதற்குப் பிறகுதான் பிடித்தது. வினிதாவுக்கும் தனியாக ஒரு பெயர் போட்டுத் தரலாமா என்று பர்சனல் ஆபீசில் கேட்டான். முடியவே முடியாது என்றார்கள். காண்ட்ராக்ட் ஆளின் பெயர் கம்பெனிக் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால், நாளைக்கு அதையே சாட்சியாகக் காட்டி, நானும் இந்தக் கம்பெனித் தொழிலாளிதான் என்று லேபர் கோர்ட்டில் போய் நின்றுவிடுவார்களாம். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்! ஆக, காலையில் மாதம்மாள் தன் பெயரில் திறப்பாள். நாள் முழுக்க இருவரும் அதிலேயே வேலை பார்ப்பார்கள். ஐந்து நிமிடம் கை படாவிட்டால் தானாகப் பூட்டிக்கொள்கிற மாதிரி கமலக்கண்ணன் வைத்துப் பார்த்தான். மாதம்மாள் அந்தப் பக்கம் நகர்ந்தால் வேலையே நின்றுவிடுகிறது என்று மேனேஜர் குதித்தார். "எடுத்துடுப்பா அத" என்று வாயால் சொன்னதோடு சரி, எழுத்தில் ஒன்றும் தரவில்லை. இவனும் எடுத்துவிட்டான். அதன்பின் காலையில் ஒரு முறை திறந்தால் ஷிப்டு முடியும்வரை திறந்தே கிடக்கும்.

அந்த வருஷம் ஆடி மாதம், முற்பகலில், டெஸ்டிங் பக்கம் வெடி வைத்த மாதிரி சத்தம் கேட்டது. காற்று ஏற்றும்போது ஒரு பம்பு உடல் வெடித்து, துண்டு மதுரைவீரனின் நெஞ்சில் பாய்ந்திருந்தது. அந்த மேடைக்குக் கம்பித் தடுப்பு வேண்டும் என்று எத்தனை தடவை கேட்டோம்! கேட்டவனையெல்லாம் யூனியன் பேசுகிறான் என்றார்கள். பெங்களூருக்குக் கொண்டுபோகிற வழியில், அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. வினிதா கேட்டருகே மண்ணில் விழுந்து புரண்டாள். எவனுக்கும் கிட்டப் போகத் தைரியம் வரவில்லை. மாதம்மாள்தான் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கூடவே அழுதாள்.

உடைந்த துண்டில் பொறித்திருந்த எண்ணை வைத்து சர்வரிலிருந்து படத்தை எடுத்தார்கள். நாலைந்து நாள் முந்தைய படம். குமிழ் பளிச்சென்று தெரிந்தது. 'சரி' என்று அழுத்தியவர் பெயர் மாதம்மாள். நேரம், திங்கட்கிழமை மத்தியானம்.

கமலக்கண்ணன் மூச்சிரைக்க என்னிடம் ஓடி வந்தான். "அண்ணா, திங்கக்கெழம மத்தியானம் பேக்கிங்ல ஆள் இல்லன்னு மாதம்மாக்காவ உங்க பக்கம் அனுப்பினாங்களே?"

"ஆமா. ஷிப்டு முடியறவரைக்கும் எங்கூடத்தான் இருந்தா."

"அப்ப மேஜைல..."

அந்த மத்தியானம் மாதம்மாளின் பெயரில் திறந்து கிடந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது வினிதா. வரிசையாக ஓடுகிற நூற்றுக்கணக்கான படங்களில் எது எமன் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? ஆளை மாற்றி அனுப்பிய சூப்பர்வைசருக்கும் விஷயம் தெரியும். தன் தலையில் விடியும் என்று வாயை மூடிக்கொண்டார். நோட்டீஸ் போர்டில் மாதம்மாளின் பெயரை மட்டும் போட்டார்கள். நாளும் நேரமும் போடவில்லை.

விசாரணை வைத்தார்கள். கமலக்கண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார் மேனேஜர்: சிஸ்டத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே படத்தைப் பார்த்தவர். அதைச் சொல்லிவிட்டால் மாதம்மாளுக்கு வேலை போகும், போலீஸ் கேஸும் வரும். தடுப்பு வைக்காத கதையை அதோடு ஊற்றி மூடிவிடலாம்.

"முடியாதுங்கண்ணா," என்றான் என்னிடம். "அந்தப் பேரு யாரோட பாஸ்வேர்டுன்னுதான் சொல்லும். யாரோட கண்ணுன்னு சொல்லாது. இத நான் உள்ள போய்ச் சொல்லத்தான் போறேன். என் வேல போனாப் போகட்டும்." எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

விசாரணை அன்று காலை சைக்கிள் ஸ்டாண்டில் மாதம்மாள் எங்களை மறித்தாள்.

"தம்பி, நீ என்னா சொல்லப் போறேன்னு தெரியும். சொல்லாத."

"அக்கா, நீங்க அங்க இல்லவே இல்லீங்களே!"

"நான் இல்லன்னா வேற எவ இருந்தான்னு கேப்பானுங்க. அந்தப் புள்ளயக் கூப்புட்டு நிக்க வச்சி, உம் புருசன் சாவுக்கு நீதான் காரணம்னு சொல்வானுங்க. அத்தக் கேட்டுட்டு அது உசுரோட இருக்குமா? நீயே சொல்லு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அறிவு கிறிவு இருக்கா உனுக்கு? உம் புள்ளைங்க சோத்துக்கு என்னா பண்ணும்?" என்று கத்தினேன்.

"நீ சும்மா இரு கிருஷ்ணப்பா. எனுக்கு வேல போவும், மிஞ்சிப்போனா கேசு வரும். கொல்லையில எறங்கி களை வெட்டியாவது சோறு போட்டுருவேன்." அவள் கமலக்கண்ணனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, எம் பேரு எம் பேராவே இருக்கட்டும்."

உள்ளே அவனிடம் கேட்டார்கள். சிஸ்டத்தில் வந்த பெயரும் படத்தைப் பார்த்தவரும் ஒருவர்தானா? "ஆமாங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். "நாந்தான் பாத்தேன், கண்ணு அசந்துட்டேன்" என்று மாதம்மாளும் சொல்லிவிட்டாள். ஆடிட்டருக்குத் திருப்தி. மேனேஜர் கமலக்கண்ணனின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மாதம்மாளைக் கணக்கு முடித்து அனுப்பிய நாளில் நாங்கள் இருவரும் அவளோடு கேட் வரை போனோம். அங்கே வினிதா நின்றிருந்தாள், கூட அவளுடைய அப்பா. மதுரைவீரனின் லாக்கரில் இருந்த துணிமணியை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். எந்தப் படம், எந்த நாள் என்றெல்லாம் அந்தப் பெண் யாரையும் கேட்டிருக்கவில்லை. கம்ப்யூட்டர் பெயரைச் சொல்லிவிட்டது, அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மாதம்மாளைப் பார்த்ததும் பாய்ந்தாள். "என் தாலிய அறுத்துட்டியேடி பாவி! ஒரு நிமிசம் கண்ணத் தொறந்து பாத்திருந்தா அவரு இருந்திருப்பாருல்ல! நீ நல்லா இருப்பியா? வெளங்குவியா நீ?" மண்ணை வாரி இறைத்தாள். மாதம்மாள் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. மண் அவள் தலையிலும் சேலையிலும் கொட்டியது.

"வினிதா, இங்க பாரு..." என்று கமலக்கண்ணன் ஓரடி முன்னால் வந்தான்.

"தம்பி," என்றாள் மாதம்மாள், அடிக்குரலில். அவன் அப்படியே நின்றுவிட்டான்.

அப்போதுதான் வினிதா அவனைக் கவனித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும் சார். நீங்க மட்டும் அந்தக் கம்ப்யூட்டர அப்படி வைக்கலேன்னா, எவ பண்ணுனான்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிருக்கும்."

கமலக்கண்ணன் பதிலுக்குக் கும்பிட்டான்.