ரெண்டு கார்டுல ஒரு மகேஸ்வரி

ஆன்லைன் கடைக்காரிக்கு வேலை கம்ப்யூட்டர்லன்னு ஊரு நெனைச்சுட்டிருக்குது. நெசத்துல வேலை பூரா காத்துக் கெடக்கறதுதான். கேரளா எல்லைல இருக்கற கொழிஞ்சாம்பாறைல, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல நம்ம கடை. ரேஷன் கார்டு, வருமானச் சான்று, பென்ஷன், எதுக்கு எழுதிப் போட்டாலும் இங்கதான் வருவாங்க. எனக்கோ பொறுமைங்கறது மருந்துக்கும் கெடையாது. ஃபாரம் நிரப்பி நிரப்பி நொந்துபோன சீவன்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

அதே கால்

மகேஸ்வரிக்குச் சின்ன வயசுல போலியோ வந்து இடது கால் சூம்பிப்போச்சு. பொள்ளாச்சிப் பக்கத்துப் பொண்ணு. எல்லைக்கு இந்தப் பக்கம் பெருமாட்டில கட்டிக் குடுத்தாங்க. கல்யாணமான கையோட, 'நான் கேரளா போறேனுங்க, என் பென்ஷனை நிறுத்திக்கங்க'ன்னு அங்க நேர்மையா எழுதிக் குடுத்துட்டு வந்துட்டா. அட மகராசி! இங்க என்ன கேப்பாங்கன்னு ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுச் செஞ்சிருக்கக் கூடாதா?

இங்க வந்தா, கால் ஊனத்துக்கான சான்று பழசு, டாக்டருங்க மறுபடி பார்க்கோணும்னாங்க. தொணைக்கு நானும் போனேன். வராந்தாவுல உக்கார முடியாம நடந்துட்டே இருந்தேன். உள்ள போயிட்டு வந்தவ சிரிச்சுட்டே சொன்னா: "ரெண்டு தடவை அளந்தாங்கக்கா. பொள்ளாச்சிலயும் இதே கால்தானுங்கன்னு சொல்லிப்போட்டு வந்தேன்."

எதுக்கு இந்தப் பாடு

ஒருநாள் எரிச்சல்ல கேட்டே போட்டேன். "மாமியா ஊட்டுல தென்னந்தோப்பு இருக்குது, சோத்துக்குப் பஞ்சமில்லை. இத்தனை அலைச்சல் எதுக்கு புள்ள?" அவ கொஞ்சமும் கோவிச்சுக்கலை. "சோறெல்லாம் நல்லாத்தான் போடறாங்கக்கா. ஆனா ஒரு சோப்பு வாங்கோணும்னாலும் எதுக்குன்னு சொல்லித்தான் வாங்கோணும். பொள்ளாச்சில என் பென்ஷன் பணத்தை எடுக்கறப்ப நான் யாருக்கும் எதும் சொன்னதில்லைங்க."

சேச்சி, பற்றில்லா

எல்லைல ஒரு பழக்கம். மகளை இந்தப் பக்கம் கட்டிக் குடுத்து வருசக்கணக்கானாலும் தமிழ்நாட்டு ரேஷன் கார்டுல இருந்து பேரை எடுக்க மாட்டாங்க. அரிசி வருதில்ல! மகேஸ்வரி பேரும் அவ அம்மா கார்டுலயே கெடந்துது. அங்க நீக்குனாத்தான் இங்க மாமியா ஊட்டுக் கார்டுல ஏறும், ஏறுனாத்தான் பென்ஷன். போட்ட மனு அப்படியே திரும்பி வந்துருச்சு. நான் சும்மா இருப்பனா? ஆபீசுக்கே போய்க் கத்துனேன். கிளார்க் நிதானமாக் கண்ணாடியைத் தொடைச்சு மாட்டிட்டுச் சொன்னாரு: "ஒராள்க்கு ரெண்டு ஸ்டேட்டில் ரேஷன் பற்றில்லா, சேச்சி." முடியாதுங்கறதை மலையாளத்துல அப்படிச் சொன்னாரு.

பேரை அடிக்கறது

அவ அம்மாவுக்குப் போன் போட்டேன். நாளைக்குப் போறேன்னாங்க. அடுத்த வாரமும் நாளைக்குன்னாங்க. இப்படியே ரெண்டு மாசம். எனக்குத் தலைக்கு மேல ஏறிருச்சு. "ஏனுங்கம்மா, ஒருத்தி பங்கு அரிசிக்காகப் பெத்த புள்ளை பொழப்பைக் கெடுப்பீங்களா?"ன்னு வாய்க்கு வந்ததைக் கேட்டுட்டேன். அந்தம்மா சொன்னாங்க: "அரிசி கெடக்குது கண்ணு. எங்கூட்டுக் கார்டுல ஒரே ஒரு தடவைதான் பேரை அடிச்சிருக்கறோம், இவ அப்பன் செத்தப்ப. உசுரோட இருக்கறவ பேரை நானே போய் எப்படி அடிக்கச் சொல்றது?"

படிச்சுக் காட்டு

அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலை. இந்த வாயை வெச்சுட்டு என்ன பண்றதுங்க?

நாலாம் நாள் அந்தம்மாவே பஸ் ஏறி வந்துட்டாங்க. பேரை நீக்குன சீட்டு கையில. மன்னிச்சுக்கங்கம்மான்னேன், காதுலயே வாங்கலை. சீட்டை மேசைல வெச்சாங்க, ஆனா கையை எடுக்கலை. "எதுக்கு நீக்குனதுன்னு போட்டிருக்குது? படிச்சுக் காட்டு." கல்யாணம்னு போட்டிருக்குதுங்கம்மான்னு படிச்சேன். வேற ஒண்ணும் போடலையேன்னு மறுபடி கேட்டாங்க. இல்லீங்கம்மான்னேன். அப்பத்தான் கையை எடுத்தாங்க. "சரி, சட்டுனு ஏத்திப் போடு கண்ணு. புள்ளை ரொம்ப நாளாக் காத்துட்டிருக்கறா."

வெத்தலை

பேரு ஏறுச்சு, பென்ஷன் மனுவும் அனுப்பியாச்சு. காலைல கடை தொறந்ததும் ஒரு தடவை, டீ குடிச்சுட்டு ஒரு தடவை, பூட்டறதுக்கு முன்னால ஒரு தடவைன்னு மனு என்னாச்சுன்னு கம்ப்யூட்டர்ல பார்த்துட்டே இருந்தேன். மகேஸ்வரி என்னைவிட நிதானம். வாரத்துக்கு ஒருக்கா வந்து, இன்னும் இல்லைங்களாக்கான்னு கேட்டுட்டுப் போயிருவா. ஒரு வழியாப் பென்ஷன் வந்து ரெண்டு மாசம் கழிச்சு, கையில ஒரு பையோட கடைக்குள்ள வந்தா. மொகம் பூரா சிரிப்பு. "வெளிய கெளம்பறப்ப மாமியா, 'வர்றப்ப எனக்கு வெத்தலை வாங்கிட்டு வா'ன்னாங்கக்கா. காசு எடுத்து நீட்டலை. எங்கிட்ட இருக்கும்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்குதுங்க."

ஆக மொத்தம், அவளுக்குப் பென்ஷன் வந்து சேர்றதுக்குள்ள எனக்குக் கடிக்க நகம் மிச்சமில்லாமப் போச்சுங்க.