ஓ நெகட்டிவ் பத்தியில் ஒரே பெயர்

ராமநாதபுரத்தில் நான் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், யாருக்காவது அவசரமாக ரத்தம் வேண்டுமென்றால் முதலில் கை நீட்டுவது ஊழியர்கள்தான். கூட்டுகிறவர் முதல் டாக்டர் வரை எல்லாருடைய பெயரும் ரத்தப் பிரிவு வாரியாக லேப் சுவரில் ஒட்டியிருக்கும். எழுதியது நான். சொந்தக்காரர்களைப் பிடிப்பது அவ்வளவு லேசில்லை. ரத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விடுவார்கள். மீதிப் பேர், "நாளைக்கு எங்க போட்டு கடலுக்குப் போற நாளு சிஸ்டர்" என்பார்கள். நான் விடமாட்டேன். "சொறாவ இழுக்குற கையி, ஒரு ஊசிக்கா நடுங்குது? எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், படுங்க" என்று அதட்டுவேன். என் வாய்க்குப் பயந்தே கொடுத்தவர்கள் உண்டு.

இத்தனை வாய் பேசிய நான் ஒருமுறைகூட ரத்தம் கொடுத்ததில்லை. அடுத்தவர் கையில் குத்தச் சொல்லுங்கள், பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவேன். என் கை என்றால் கண் இருட்டிவிடும். வேறு யாராவது என்றால் உடம்புக்கு முடியவில்லை என்று சாக்குச் சொல்லியிருப்பார்கள். எந்தப் பொய் செல்லும் என்பது லேபில் இருப்பவளுக்குத்தானே தெரியும்? பட்டியலில் என் பெயரை ஏபி பாசிட்டிவ் பத்தியில் எழுதிவிட்டேன். அந்தப் பிரிவு நோயாளிக்கு எவர் ரத்தமும் சேரும். அதனால் அந்தப் பிரிவுக்காரரைத் தேடி யாரும் வருவதில்லை. என் உண்மையான பிரிவு ஓ நெகட்டிவ். அந்தப் பிரிவு நோயாளிக்கு அதே ரத்தம்தான் சேரும்.

அந்தப் பத்தியில் இருந்தது எங்கள் ஹெட் நர்ஸ் பெயர் மட்டும்தான். நாங்கள் அக்கா என்போம். ஊரைவிட்டு நகர்வதென்றால் லேப் வாசலில் வந்து நின்று சொல்லிவிட்டுத்தான் போவார். "திருப்புல்லாணி வரைக்கும் போறேன், சாயங்காலம் வந்துருவேன்." "மண்டபத்துல ஒரு கல்யாணம், சாப்பிட்ட கையோட திரும்பிருவேன்." கலெக்டர்கூட இப்படிச் சொல்லிக்கொண்டு போகமாட்டார் என்று நான் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

பாம்பனில் ரோட்டுப் பாலம் வந்த பிறகு நடந்தது இது. ஒருநாள் மத்தியானம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண்ணை வேனில் கொண்டுவந்தார்கள். வீட்டில் பிரசவம். குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பிரிவு பார்த்தேன். ஓ நெகட்டிவ். அவள் புருஷன் தானாகவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான். அவனுடையது சேரவில்லை. கூட வந்தவர்கள் யாருடையதும் சேரவில்லை. மதுரையிலிருந்து ரத்தம் வரும்வரை தாங்கமாட்டாள் என்றார் டாக்டர்.

அக்கா வந்தார். "பாட்டில எடு, நான் படுக்குறேன்."

"போன மாசந்தானக்கா குடுத்தீங்க. மூணு மாசம் ஆகணும்ல."

"அவளுக்கு மூணு மாசம் இருக்கா?"

சொல்லிக்கொண்டே கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார். போன மாதம் கொடுத்த களைப்பே இன்னும் முகத்தில் இருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எந்திரிங்கக்கா. நான் ஓ நெகட்டிவ்."

அவர் சுவரைப் பார்த்தார். "அங்கன வேறல்ல போட்டிருக்கு?"

"நாந்தான் மாத்தி எழுதுனேன். ஊசிக்குப் பயந்துக்கிட்டு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். "எந்தக் கையி?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு குத்துக்குப் பயந்தவளுக்கு அன்று இரண்டு. முதலில் கொஞ்சம் எடுத்து அவள் ரத்தத்தோடு சேருமா என்று பார்க்க வேண்டும். அதற்கு என்னைவிட்டால் ஆள் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து நானே பார்த்தேன். கட்டி தட்டவில்லை, சேரும். பிறகு போய்ப் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாதா முதல் ராமநாதசாமி வரை எல்லாரையும் கூப்பிட்டேன். வாசலில் நின்ற புருஷன், "பயப்படாதீங்க சிஸ்டர், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றான். அவன் விரலில் குத்தும்போது நான் சொன்னதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், எந்த எறும்பும் அப்படிக் கடிக்காது.

சாயங்காலம் மதுரையிலிருந்து ரத்தம் வந்து சேரும்வரை என் பாட்டில் அவளைத் தாங்கியது. பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் பட்டியலில் என் பெயரை அடித்து, அக்கா பெயருக்குக் கீழே எழுதினேன். அக்கா வந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கம்மா திருச்சியில முடியாமக் கெடந்தப்பகூட ஒரு ராத்திரி தங்குனதில்ல. இங்கன நான் ஒருத்திதானேன்னு ஓடியாந்துருவேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் ஆகி, நான் மறுபடி கொடுக்கலாம் என்றானதும், அக்கா முதல்முறையாகப் பத்து நாள் லீவு போட்டார். வேளாங்கண்ணிக்குப் போயிருப்பதாக வார்டில் சொன்னார்கள். லேப் வாசலுக்கு வந்து சொல்லிக்கொண்டு போகவில்லை.