பாதியில் ஒரு கோடு

அப்பா லிஃப்ட் மெக்கானிக். விடுமுறை நாளில் தன் பழைய அனலாக் சிந்தசைசர் கீபோர்டின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். ஒலியைப் பெரிய மண்டபத்தில் கேட்பதுபோல் ஆக்கும் ரிவெர்ப் பெடலை வாங்கியதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. குமிழை முழுக்கத் திருகிவிடுவார். சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூழாகிவிடும்.

பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருநாள் எழுந்தாள். “இருக்கிறது ஒரே ரூம். உங்களுக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய மண்டபம்?” என்று குமிழைப் பாதிக்குக் குறைத்தாள். சுரங்கள் தெளிந்தன.

“உனக்கு என்ன தெரியும்?” என்று அப்பா முறைத்தார். தப்பை ஒப்புக்கொள்வது அவர் பரம்பரையிலேயே கிடையாது.

மறுநாள் பார்த்தேன். குமிழுக்குப் பக்கத்தில், பாதி அளவுக்கு நேராக, அம்மாவின் தையல் சாக்பீஸால் ஒரு கோடு; அப்பாவின் விரல்நுனியில் அதே சாக்பீஸ் தூள். அது அழியும்போதெல்லாம் அம்மாவே சத்தமில்லாமல் திரும்பப் போட்டுவைப்பாள்.