என் பெயரில் ஒரு கைநாட்டு

நான் கைநாட்டு அல்ல. குடும்ப வாட்ஸ்அப்பில் யார் என்ன சொன்னாலும், நான் கான்வென்ட்டில் படித்தவள்.

இன்று இங்கே மலேசியாவில், ஸ்கூடாய் மளிகைக் கடையில் கணவரின் அண்ணன் மகன் குமார் எல்லோர் முன்னும் கேட்டான்:

"சித்தி, ஊரு நிலத்த எங்கப்பாவுக்குக் கைநாட்டு வெச்சு எழுதிக் குடுத்துட்டு, இப்ப இந்தியாவுல ஹைகோர்ட்டுக்குப் போறீங்களாமே?"

"பத்திரத்த நீ பாத்தியா?"

"அப்பா காட்டினாரு லா. கீழ்க்கோர்ட்டே ஒத்துக்கிச்சே!"

கூடையைக் கீழே வைத்தேன்.

உயர் நீதிமன்றம் சாட்சிகளை மறுபடி விசாரிக்காது, சட்டப் பிழையை மட்டுமே பார்க்கும் என்கிறார் வக்கீல். என் கையெழுத்துள்ள பழைய கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, கீழ் நீதிமன்றம் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பிழையென்று ஏற்காவிட்டால் இறந்துபோன கணவர் எனக்கு விட்டுச்சென்ற நிலம் போய்விடும். திங்கட்கிழமை விசாரணை.

இந்தப் பதிவைப் படிக்கும் குமார், நான் கைநாட்டு வைத்ததை உன் அப்பா எங்கே பார்த்தார்? எழுத்தில் பதில் வேண்டும். அவர் கையெழுத்தோடு.