மூன்று விரலுக்கு ஏற்ற முன்பிடி

ஆர்லிஸ் ஸ்டென்ஸ்ருடுக்கு இடது கையில் மூன்று விரல்கள்தான். முப்பத்து நாலு வயதில் வைக்கோல் கட்டும் இயந்திரம் மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டது. அன்றைக்கு ரத்தம் சொட்டத் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் அவள். வழியில் என் வீட்டு வாசலில் நிறுத்தி, "அடுப்புல சூப் இருக்கு, போய் அணைச்சிரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மோன்டானாவின் கிழக்கில், என் வேலிக்கு அடுத்த வேலி அவளுடையது. கணவன் பிரிந்துபோய் இருபது வருஷம் ஆகிறது. நானூறு செம்மறிகளை அவளும் தம்பி ஆரினும் பார்த்துக்கொள்கிறார்கள்.

போன வருஷம் குட்டி ஈனும் காலத்தில் கயோட்டி நரிகள் பதினொரு குட்டிகளைக் கொண்டுபோயின. அதற்கு முந்தைய குளிர்காலம் முழுவதும் ஆர்லிஸ் சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்து, உதிரி பாகங்களாக வாங்கி, ஒரு ரைபிளைத் தானே பூட்டியிருந்தாள். சனிக்கிழமைகளில் மேசைமேல் மணல்பையை வைத்துச் சுட்டால் நூறு கஜத்தில் ஐந்து தோட்டாவும் ஒரு பிஸ்கட் அளவுக்குள் விழும். ஆனால் வேலிக் கம்பத்தில் சாய்ந்து, துப்பாக்கியின் தோள்வாரைக் கையில் சுற்றி இறுக்கி நரியைச் சுட்டால் படாது. ஏப்ரலில் மட்டும் மூன்று முறை அப்படித் தவறியது. மூன்றாவது தடவை நரி ஓடக்கூட இல்லையாம். திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தே போனதாம்.

"கண்ணப் போய்க் காட்டிட்டு வாக்கா," என்றான் ஆரின். "அறுபத்தொண்ணு ஆச்சு. இன்னும் கழுகு மாதிரியா தெரியும்?"

"நீ மொதல்ல உன் தொப்பையக் கொண்டுபோய்க் காட்டு."

அப்படிச் சொன்னாலும் அவளுக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. விரல் போன காலத்தில்கூட இல்லாத பயம் என்று பிறகு என்னிடம் சொன்னாள். கண் போனால் ஆடுகளை விற்றுவிட்டு ஊருக்குள் போய்ச் சின்ன வீட்டில் உட்கார வேண்டியதுதான். யாருக்கும் சொல்லாமல் எண்பது மைல் போய்க் கண் டாக்டரைப் பார்த்தாள். கண்ணில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

திரும்பி வந்த மறுநாள் காலை, காற்று இல்லாத நேரமாகப் பார்த்து ஓர் அட்டையை நட்டாள். ஐந்து தோட்டா, துப்பாக்கியை மணல்பையில் வைத்து. அடுத்த ஐந்து, கம்பத்தில் சாய்ந்து வாரை இறுக்கி. முதல் ஐந்தும் நடுவில் இருந்தன. அடுத்த ஐந்தும் நெருக்கமாகத்தான் விழுந்திருந்தன, ஆனால் நான்கு அங்குலம் கீழே, இடப்பக்கமாக. கண் மங்கியிருந்தால் தோட்டாக்கள் சிதறும், இப்படிக் கூட்டமாக இடம் மாறாது. அட்டையைப் பார்த்துக்கொண்டே சேற்றில் உட்கார்ந்து சிரித்ததாகச் சொன்னாள்.

கோளாறு முன்பிடியில் இருந்தது. குழலைச் சுற்றி இடது கை பிடிக்கும் உறையைத்தான் சொல்கிறேன். அவள் பூட்டியிருந்தது சாதாரண பிளாஸ்டிக். அதன் நுனி குழலின்மேல் உட்கார்ந்திருந்தது, வாரும் அங்கேதான் மாட்டியிருந்தது. வாரை இழுக்கும்போதெல்லாம் குழலும் மயிரிழை வளைந்தது. குழலைத் தொடாமல், பின்னால் மட்டும் பூட்டப்பட்டு முன்னே அந்தரத்தில் நிற்கும் முன்பிடிகள் உண்டு. ஃப்ரீ ஃப்ளோட் என்பார்கள். அதில் ஒன்று வேண்டும்.

ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ராய்ஸ் கெப்ஹார்ட் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவளைக் கண்டதும் பதினைந்து அங்குல நீளமுள்ள ஒன்றை எடுத்து வைத்தான். நாலு பக்கமும் தண்டவாளம் மாதிரி பல் பல்லான பட்டைகள், அதில் என்ன வேண்டுமானாலும் மாட்டலாம்.

"எல்லாரும் இதத்தான் வாங்கறாங்க ஆர்லிஸ். லைட்டு, லேசர் எது வேணாலும் போடலாம்."

"எனக்கு எதுக்குடா லேசர்? நரிக்கு சினிமா காட்டவா?"

கையில் பிடித்துப் பார்த்தாள். அந்தப் பற்கள் விரல் போன இடத்தில் குத்தின. அங்கே தோல் இன்னும் மெல்லிசுதான், குளிரில் ஊசி மாதிரி வலிக்கும். வாங்காமல் வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, பாசனக் குழாய்த் துண்டுகள் கிடக்கும் குவியலில் இருந்து நாலைந்து பருமனில் வெட்டிக்கொண்டாள். ஒரு வாரம் அவை அவளோடேயே இருந்தன. தீவனம் போடப் போகும்போது ஒன்று, வேலி பார்க்கும்போது ஒன்று. கையுறை போட்டும் போடாமலும் பிடித்துப் பார்ப்பாள். கம்பத்தில் சாய்ந்து நின்று மூன்று விரலும் எங்கே சேருகின்றன என்று பார்த்துப் பேனாவால் குறித்துக்கொள்வாள். அவள் குழாயைத் தோளில் வைத்து ஆட்டுக்கொட்டகையைக் குறிபார்த்து நின்றதை நானே பார்த்தேன். தபால்காரரும் பார்த்தார்.

அடுத்த வாரம் குழாயோடு கடைக்குப் போனாள்.

"என்ன, பிளம்பர் வேலைக்குக் கெளம்பிட்டியா?" என்றான் ராய்ஸ்.

"இந்தப் பருமன். உருண்டையா, வழுவழுன்னு. பதிமூணு அங்குலம் போதும், அதுக்கு மேல கை போகாது. நீளம் கூடுனா முன்னாடி கனம்தான் கூடும்."

ராய்ஸ் அளவுகோலை எடுத்து அளந்துவிட்டுத் தலையாட்டினான். "இந்தப் பருமன் சரிவராது. உன் குழல்மேல துருத்திக்கிட்டிருக்கே இரும்புத் துண்டு, அந்த வாயுக் கட்டை உள்ள இடிக்கும். அப்புறம் மறுபடியும் தொட்டுக்கிட்டுதான் நிக்கும். ஒரு சைஸ் பெருசா போ."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது நியாயம். கடைசியில் ஒரு சைஸ் பெரியதாக, பற்கள் இல்லாத, காற்றுப் போக நீள ஓட்டைகள் மட்டும் உள்ள அலுமினியக் குழாய் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வாரை மாட்ட அதிலேயே துளை இருந்தது. அலுமினியம் குளிரில் ஒட்டுமே என்று, கை படும் இடத்தில் குதிரைக் கடிவாளத் தோலைச் சுற்றித் தைத்துக்கொண்டாள்.

பூட்டி முடித்ததும் பழையபடியே பத்துத் தோட்டா சுட்டாள். மணல்பையில் வைத்துச் சுட்டவையும் கம்பத்தில் சாய்ந்து சுட்டவையும் ஒரே இடத்தில் கலந்து கிடந்தன. ஆரின் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"சரி, கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றான். அவன் வாயிலிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

மே மாதம் ஒரு விடியற்காலையில் தெற்கு மேய்ச்சலில் நரி வந்தது. இருநூற்று முப்பது கஜம். கம்பத்தில் சாய்ந்து, வாரை இறுக்கி, ஒரே தோட்டா. அருகே போய்ப் பார்த்தபோது அது வயதான பெண் நரி. பற்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன, முன்னங்காலில் ஒன்று எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. முயலை விரட்ட முடியாததால்தான் குட்டிகளைத் தேடி வந்திருக்கிறது.

"சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்," என்றாள் அன்று மத்தியானம் என் சமையலறையில். "கொஞ்ச நேரம் அது பக்கத்துலயே உக்காந்துட்டேன். சுட்டதுல வருத்தமில்ல. மறுபடியும் வந்தா மறுபடியும் சுடுவேன். ஆனா அதுவும் இத்தன நாள் அந்தக் கால வச்சிக்கிட்டுதானே காலந்தள்ளியிருக்கு."

நான் காப்பி ஊற்றினேன். அதற்குப் பிறகு அந்தப் பருவத்தில் இரண்டு குட்டிகள்தான் போயின. அன்று அவள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். தாயில்லாக் குட்டிகள் ஐந்து புட்டிப்பாலுக்குக் கத்திக்கொண்டிருக்குமாம்.