தூணுக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள்

சென்னையில் நாடகம் பார்க்கிற நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் கட்டடங்களுக்கு வந்துவிடும். எந்த அரங்கில் ஏசி ஆளை விறைக்க வைக்கும், எதில் கடைசி வரிசைக்கு வசனம் போய்ச் சேராது, எதற்கு கேன்டீன் காப்பிக்காகவே போகலாம் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். என் முறை வரும்போது நான் திருதிருவென்று விழிப்பேன். எனக்குப் பிடித்த அரங்கும் பிடிக்காத அரங்கும் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. எது பிடிக்கும், எது பிடிக்காது என்று ஒன்பது வயதில் அடித்துச் சொல்லியிருப்பேன். இப்போது சொல்ல வரவில்லை.

அது அம்மா பிறந்த ஊர். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊரே வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; திரும்பின பக்கமெல்லாம் சொந்தக்காரர்கள். ஆண்டிபட்டிக்காரரை, அதுவும் திருநீறு பூசுகிறவரை, அம்மா தானே பார்த்துக் கட்டிக்கொண்டபோது அவளுடைய அண்ணன் கோயில் வாசலில் வைத்து நாலு பேர் கேட்க, "இன்னமே எனக்குத் தங்கச்சி கெடையாது" என்று சொல்லிவிட்டாராம். சொன்ன சொல்லில் நிற்கிற மனிதர். நான் பிறந்ததற்குக்கூட வரவில்லை. அந்த அண்ணன்தான் ஊர்த் திருவிழா நாடகத்தில் வருஷா வருஷம் அண்ணன் வேஷம் போடுவார். தங்கைக்காக அழுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று பேர். தங்கையாக நடித்தவர் மீசையை எடுத்துவிட்டு வந்த ஒரு லாரி டிரைவர்.

அந்த நாடகத்துக்கு மட்டும் அம்மா வருஷம் தவறாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். அப்பா பஸ் ஏற்றிவிடுவார், ஒன்றும் கேட்கமாட்டார். தேனியில் பஸ் மாறும்போது அம்மா பாடம் நடத்துவாள்.

"அவுக ஒனக்குத் தாய்மாமா. ஆனா எதுக்க வந்தா மாமான்னு கூப்புட்டுறாத."

மாமா என்றால் கூப்பிட வேண்டியதுதானே, கூப்பிடக்கூடாது என்றால் அவர் எப்படி மாமா? ரொம்ப நாள் எனக்கு இது பிடிபடவில்லை.

வெளியூர் ஆட்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று மதியம் மூன்று மணிக்கே நாடகம் தொடங்கிவிடும். நடக்கிற இடம் கோயிலுக்குப் பின்னால் இருந்த பழைய ஹால். ஓட்டுக் கூரை, அதைத் தாங்க இரண்டு பக்கமும் தடித்தடியான தூண்கள். இடது பக்கம் மூன்றாவது தூணுக்கு நேர் பின்னால் ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். ஹாலில் எள் போட இடமில்லாத வருஷத்திலும் அது காலியாகவே இருக்கும். பேட்ஜ் குத்திய ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும், "வா ஆத்தா, அங்கன எடம் போட்ருக்காக" என்று அதைக் காட்டுவார். அங்கே உட்கார்ந்தால் நாடகம் தெரியாது, தூண்தான் தெரியும். தூணுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில், மேடைக்குப் பக்கத்தில் நடிகர்கள் தங்கள் முறைக்குக் காத்து நிற்கிற மூலை மட்டும் தெரியும். மாமா அங்கே வந்து நிற்பார். துண்டால் முகத்தைத் துடைப்பார். எங்கள் பக்கம் பார்ப்பார். அம்மாவும் பார்ப்பாள். ஆர்மோனியம் கூப்பிட்டதும் அவர் மேடைக்குப் போய்விடுவார், நான் மறுபடி தூணைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐந்து வயது வரை அம்மா மடியில்தான் உட்கார்ந்தேன். அப்புறம் ஒரு வருஷம் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மர நாற்காலியும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேதபாட வகுப்பில் பிள்ளைகளுக்குப் போடுவது. அந்தக் குட்டி நாற்காலியை எனக்கு அறவே பிடிக்காது. எட்டு வயதில் அதில் உட்கார்ந்தபோது முழங்கால் மூக்கை இடித்தது. "இதென்ன பால்வாடியா" என்று சத்தமாகக் கேட்டு அதை ஒரு உதை உதைத்தேன். மேடையோரம் நின்ற மாமாவின் வாய் கோணியது. சிரிக்கிறாரா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

மறு வருஷம் மெயின் ரோட்டில் புதிதாக ஒரு மண்டபம் கட்டிவிட்டார்கள். நாடகம் அங்கே என்றார்கள். உள்ளே நுழைந்த நான் வாய் பிளந்து நின்றேன். தரையெல்லாம் டைல்ஸ், தலைக்கு மேல் வரிசையாக ஃபேன், மருந்துக்குக்கூட ஒரு தூண் இல்லை. உலகத்திலேயே நல்ல கட்டடம் இதுதான் என்று அந்த நிமிஷமே முடிவுசெய்தேன். அம்மா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் முன்வரிசைக்கு ஓடி, இரண்டு நாற்காலி பிடித்து, ஒன்றில் தண்ணீர் பாட்டிலை வைத்தேன். பக்கத்து நாற்காலியில் மாமாவின் மனைவி இருந்தாள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அம்மா வந்து நின்றாள். கூடவே பேட்ஜ்காரப் பெரியவரும் வந்தார். அவர் குரலைத் தாழ்த்தி, "ஆத்தா, ஒனக்கு அந்த ஓரத்துல போட்ருக்காக" என்றார். கை காட்டிய இடத்தில், மேடைக்குப் போகிற பக்கக் கதவருகே, இரண்டு நாற்காலிகள் தனியாகக் கிடந்தன.

"தூணே இல்லயேம்மா, எதுக்கு ஓரத்துக்குப் போகணும்? இங்கனயே நல்லாத் தெரியுது." நான் நாற்காலியின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் குரல் அந்த மண்டபத்தில் நன்றாக எடுபட்டது. முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

திரை ஏறியது. பின்னாலிருந்து யாரோ, "உக்காரும்மா, மறைக்குது" என்றார்கள். அம்மா ஓரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

ஆனால் நாடகம் சொதப்பியது. மாமா வர வேண்டிய பாட்டை ஆர்மோனியக்காரர் மூன்று தடவை வாசித்தும் அவர் வரவில்லை. வந்தபோதும் அந்தக் காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டு வந்தார். வசனத்தையெல்லாம் பாதிப் பாதியாக விழுங்கினார். எல்லாரும் காத்திருந்த அழுகைக் காட்சியும் வந்தது. தங்கையைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, மேடை விளிம்புக்கு வந்து ஊரைப் பார்த்துக் கைகூப்பி அழ வேண்டும். வந்தார். நேர் கீழே நாங்கள் இருந்தோம்.

"எனக்குன்னு இருக்கறது…"

அதற்கு மேல் வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார்கள். "ஒரே ஒரு தங்கச்சி, ஒரே ஒரு தங்கச்சி" என்று அது மைக்கில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது, அவருக்கு மட்டும் கேட்கவில்லை. வாய் கோணியது. அம்மா மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடிப்பென்று நினைத்து ஜனம் கைதட்டியது. லாரி டிரைவர் புடவையோடு ஓடிவந்து, "அழாதீக அண்ணே" என்று அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மாமாவின் மனைவி மேடையைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

அம்மா என் கையைப் பிடித்து எழுப்பினாள். நாடகம் பாதியில் இருக்க வெளியே வந்துவிட்டோம். அதற்குப் பிறகு அவள் அந்த ஊருக்கு நாடகம் பார்க்கப் போகவில்லை. மறு வருஷம் நான் நச்சரித்தபோது பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்றாள். மாமா வேஷம் போடுவதை விட்டுவிட்டார் என்று யாரோ சொல்லித் தெரிந்தது.

அன்றைக்கு ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா என்னைத் திட்டுவாள் என்று பயந்துகொண்டே இருந்தேன். திட்டாததால் தைரியம் வந்து, சின்னமனூர் தாண்டும்வரை நான் அந்த மண்டபத்தின் பெருமையையே பேசிக்கொண்டு வந்தேன். அப்புறம்தான் ஒரு சந்தேகம் வந்தது.

"அந்த ஓரத்து சேரு ரெண்டும் நமக்கா போட்டிருந்தாக?"

"ஆமா."

"ரெண்டும் பெருசா இருந்துச்சே. எனக்குக் குட்டிதான போடுவாக?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ வளந்துட்டன்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேட்ஜ் குத்திய அந்தப் பெரியவர் போன வருஷம் நான் உதைத்ததை மறக்காமல் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை போகும்போது அவருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.