வெறுந்தாளில் நான் போட்ட கையெழுத்தும் மீரான் அண்ணனும்

மீரான் அண்ணன் காலமான செய்தி வந்தபோது நான் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். பாதித் தலை கறுப்பு, பாதி வெள்ளை. இந்த வயதில் யாருக்காக என்று கேட்காதீர்கள். அவர் மனைவி ஜமீலா அக்கா போனில் சொன்னதும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சுள்ளிக்கலில் இருந்த அவர் வீட்டுக்கு அப்படியே ஓடினேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் சாக்குகளுக்கு அடையாளம் போடுவது அவர் வேலை. எழுத்து வெட்டிய தகரத்தைச் சாக்கின்மேல் வைத்து மை தேய்ப்பார். பக்கத்தில்தான் என் சாயாக்கடை. ஒரு சாயாவுக்கு நாலு கரண்டி சீனி கேட்பார். "உங்களுக்குச் சாயா எதுக்கு அண்ணே, பாகு காய்ச்சித் தாறேன்" என்பேன்.

ஒரு நாள் மத்தியானம் போலீஸ் வந்தது. எங்கோ தூரத்து ஊரில் வெடித்த குண்டுக்கு அவரைப் பிடித்தார்கள். அந்தத் தகரங்கள் ரகசிய எழுத்தாம். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டு மூன்று வெறுந்தாள்களை நீட்டினார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். என் கையெழுத்தையும் மதித்துக் கேட்கிறார்களே என்ற பெருமையில் சுழித்துச் சுழித்துப் போட்டேன். அவர் வீட்டில் போலீஸ் வெடிமருந்து கண்டெடுத்ததை நான் கண்ணால் பார்த்ததாகப் பிறகு அதில் எழுதிக்கொண்டார்கள்.

ஏழு வருடம் ஜாமீன் இல்லை. விசாரணை என்று சொல்லி இடது முட்டியை உடைத்தார்கள். நான் கோர்ட்டில் சாட்சி சொல்லும் நாள் வந்தது. முந்தின வாரம் கடைக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர், மாற்றிச் சொன்னால் நீயும் அதே கேஸில் உள்ளே போவாய் என்று சொல்லி, சாயாவும் குடித்துவிட்டுப் போனார். ஜெயிலில் அண்ணனைப் பார்த்துவந்த ஜமீலா அக்கா, அவர் சொன்னதை அப்படியே சொன்னார்: "கண்டதைச் சொன்னாப் போதும். எனக்காக ஒரு சொல்லும் கூட்டிச் சொல்ல வேண்டாம்."

கூண்டில் ஏறி, வெறுந்தாள் என்றேன். அரசு வக்கீல் மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டார். மூன்று முறையும் வெறுந்தாள் என்றேன். அவரை விட்டார்கள்.

நொண்டிக்கொண்டு கடைக்கு வந்தவரை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மொகத்தைத் தூக்குடா. ஏழு வருஷத்துச் சீனியையும் சேர்த்துப் போடு" என்றார்.

அன்று முதல் என் கடை பெஞ்சுதான் அவர் ஆபீஸ். ஜெயிலில் மலையாளம் வாசிக்கப் படித்திருந்தார். பஜாரில் யார் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதானாலும் முதலில் அவரிடம் வரும். கடைசி எழுத்துவரை சத்தமாக வாசித்துக் காட்டுவார். இதே மாதிரி கேஸில் பிள்ளைகள் உள்ளே கிடக்கும் குடும்பங்களோடு கோர்ட் வராந்தாவில் போய் உட்காருவார். என்னையும் வாசிக்க வைத்தார். "நீ ஒரு வரி முடிக்கதுக்குள்ள பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிரும். அணையட்டும். வாசிக்காம ஒப்பு போட்டா அது உன் ஒப்பு இல்லை, தாளை நீட்டினவன் ஒப்பு" என்பார்.

போய் வாருங்கள் அண்ணே. பெஞ்சு காலியாகக் கிடக்காது. நாளை முதல் நான் வாசிக்கிறேன், மெதுவாகத்தான்.

அடக்கம் முடிந்ததும் பள்ளிவாசல் பதிவேட்டில் என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முதல் வரியிலிருந்து வாசித்தேன். நாற்பது நிமிடம் ஆனது. போடக் குனிந்தபோது துண்டிலிருந்து வியர்வையோடு சாயம் வழிந்து பக்கம் முழுவதும் கறுத்தது. வேறு பக்கத்தில் எழுதித் தந்தார்கள். அதையும் முதலிலிருந்து வாசித்தேன்.